கடைசிப் பத்து

ஐந்து வருடங்களுக்கு முன்பு, தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, புன்னைக்கழி படகுக் கழகத்தின் ‘ஸ்டெல்லா’ என்ற நாலு துடுப்புப் படகு, துறைமுகக் கழகத்துப் படகைவிட அரைப் படகு நீளம் முன்னால் வந்துகொண்டிருந்தபோது, வெற்றிக் கோட்டுக்கு நாற்பது கஜம் இருக்கையில் நின்றுவிட்டது. நின்றது படகுதான், படகில் இருந்தவர்கள் நிற்கவில்லை. நாலு துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின, ஒன்றாக இழுத்தன, ஒன்றாக எழுந்தன, தண்ணீர் சுழித்துக்கொண்டு பின்னால் போனது, படகு மட்டும் ஒரு விரற்கடை நகரவில்லை. துறைமுகத்துக்காரர்கள் பக்கத்தில் வந்து, முந்தி, கோட்டைத் தாண்டி, கோப்பையை வாங்கி, எங்கள் செலவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போனார்கள். ஸ்டெல்லா துடுப்பு வலித்துக்கொண்டிருந்தது. பந்தல்காரன் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனான், அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை, உப்பளத்துக்குப் போகிற பெண்கள் கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினார்கள்.

அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. காற்று எதிர்த்து அடிக்கிறது என்றார்கள். படகின் அடியில் பாசி பிடித்திருக்கும் என்றார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில், எந்தக் காரியமும் சொன்ன நேரத்தில் முடிந்ததில்லை என்பதால், ஒரு படகு கொஞ்சம் தாமதமாக வருவதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

படகில் ஐந்து பேர். முதல் துடுப்பு ஜஸ்டஸ், பஞ்சு மில்லில் எலக்ட்ரீசியன், கல்யாணமாகி ஏழு மாதம். அவனுக்குப் பின்னால் மீன் கம்பெனி ஐஸ் அறையில் வேலை பார்த்த அண்ணன் தம்பி இருவர். கடைசியில் ரேஷன் கடை எடைக்காரர் பொன்னுலிங்கம். சுக்கான் பிடித்து எண்ணிக்கை சொல்பவள் வலன்டினா, மருந்துக் கடையில் நிற்கிற பெண், முப்பத்தொன்பது கிலோ எடை, ஆனால் குரல் உப்பங்கழியின் இரண்டு கரைக்கும் கேட்கும். துடுப்பு வலிக்கிறவர்கள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், சுக்கான்காரி ஒருத்திதான் முன்னால் பார்ப்பாள். கோடு எங்கே இருக்கிறது என்பது படகில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

என் பெயர் இன்னாசிமுத்து. உப்புக் கம்பெனியில் கணக்கப்பிள்ளை, கழகத்தில் குச்சிக்காரன். குச்சிக்காரன் என்பது எங்கள் கழகத்தில் மட்டும் இருக்கிற பதவி. வெற்றிக் கோட்டிலிருந்து சரியாகப் பத்து இழுப்புத் தூரத்தில், சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சியைத் தண்ணீரில் நடவேண்டும். பந்தயத்தன்று காலையில் குச்சிக்காரன் ஒரு படகில் ஏறி, அந்த இடத்திலிருந்து தானே பத்து இழுப்பு இழுத்துப் பார்த்து, தூரம் சரி என்றால் சுக்கான்காரியின் கையைப் பிடித்து “பத்து” என்று சொல்லவேண்டும், அவளும் “பத்து” என்று திருப்பிச் சொல்வாள். பந்தயத்தில் குச்சியைத் தாண்டும்போது அவள் “கடைசிப் பத்து” என்று கத்துவாள், வலிக்கிறவர்கள் நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உடம்பில் மிச்சமிருப்பதை எல்லாம் கொட்டுவார்கள், அவள் பத்து எண்ணி வாயை மூடிக்கொள்வாள். அதற்குப் பிறகு கரையில் மணி அடிக்கும்வரை படகில் ஒரு பேச்சு கிடையாது. பத்துக்கு மேல் எண்ணுவது எங்களுக்குக் கேவலம். குச்சிக்காரன் கொடுத்த சொல்லைக் குச்சிக்காரன்தான் திரும்ப வாங்கலாம், தலைவர் சொன்னாலும் சுக்கான்காரி கேட்கமாட்டாள்.

இருபத்திரண்டு வருடம் நான் நட்ட குச்சி ஒரு முழம் பிசகியதில்லை. அந்த வருடம் சிறப்பு விருந்தினருக்கு வெயில் படக்கூடாது என்று, கழகத் தலைவர் கொரேரா சார் பந்தலைப் பூவரச மரத்தடிக்கு மாற்றினார், பந்தலோடு வெற்றிக் கோடும் நாற்பது கஜம் தள்ளிப்போனது. குச்சியையும் நாற்பது கஜம் தள்ளி நட்டிருக்கவேண்டும். நான் விருந்தினருக்கு மாலை போடுகிறவன் என்பதால் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். சட்டை நனைந்துவிடும் என்று படகில் ஏறாமல், வேலைக்காரனிடம் குச்சியைக் கொடுத்து, போன வருடத்துக் குழியிலேயே நடச் சொல்லிவிட்டு, வலன்டினாவின் கையைப் பிடித்து “பத்து” என்றேன். அவளும் “பத்து” என்றாள். சட்டைக்காக! இப்போதும் அந்தச் சட்டை என் அலமாரியில் கிடக்கிறது, போடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

ஆகவே அவர்கள் பத்தாவது இழுப்பிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு மணி அடிக்கவில்லை, எண்ணிக்கையும் தீர்ந்துவிட்டது, நிறுத்தவும் வழியில்லை. துறைமுகத்துப் படகுக்கு மணி அடித்த கையோடு எனக்கு இது விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வருடம் எல்லாம் செய்து பார்த்தார்கள். படகின் மூக்கில் கயிறு கட்டி இரண்டு விசைப்படகால் இழுத்தார்கள். கயிறு விறைத்து, விசைப்படகுகளும் ஸ்டெல்லாவோடு சேர்ந்து நின்றவாறே புகைவிட்டன. தண்ணீர் அங்கே இடுப்பளவுதான் என்பதால் ஆட்கள் இறங்கி ஜஸ்டஸின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். தோள் சூடாக இருந்தது, வியர்த்திருந்தது, அசைந்துகொண்டிருந்தது, ஆனால் எத்தனை பேர் தொங்கினாலும் நிற்கவில்லை. வெற்றிக் கோட்டைப் படகுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து போட்டார்கள். விடிந்து பார்த்தால் படகும் அதே அளவு பின்னால் போயிருந்தது. சும்மா மணியை அடித்துப் பார்த்தார்கள். கோட்டைத் தொடாமல் அடித்த மணி அவர்கள் காதில் ஏறவில்லை. பங்குச் சாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். காவல் நிலையத்திலிருந்து ஒருவர் நோட்டோடு வந்து, காணாமல் போனதாக எழுத முடியாது கண்ணெதிரே இருக்கிறார்கள், இறந்ததாக எழுத முடியாது மூச்சு வாங்குகிறார்கள் என்று, எதையும் எழுதாமல் இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜஸ்டஸின் மனைவி கிளாடிஸ் மட்டும் தினமும் காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, துண்டால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு வருவாள். துடைத்த இடத்தில் திரும்ப வியர்க்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வியர்வை அவனுக்குக் கடைசிவரை காயவே இல்லை. தாடி வளரவில்லை, பசிக்கவில்லை, நகம்கூட நீளவில்லை. ஆவணி மாதம் அவளுக்குப் பெண் பிறந்தது. ஞானஸ்நானம் கோயிலில் வேண்டாம், தகப்பன் இருக்கிற இடத்தில் வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றதால், சாமியார் பூவரச மரத்தடியிலேயே பிள்ளைக்கு ஜெனிட்டா என்று பேர் வைத்தார், நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று ஜெபம் சொன்னோம், எங்கள் ஜெபத்துக்கு இடையிடையே துடுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் வருடத்தில் ஊர் பழகிவிட்டது. பழகிவிடுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. துடுப்புச் சத்தத்துக்குப் பிள்ளைகள் தூங்கின, சத்தம் கேட்காத சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் தூங்காமல் அழுதன. வெளியூரிலிருந்து பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் படம் பிடித்தார்கள், கல்யாணம் முடித்த ஜோடிகள் படகு பின்னால் தெரியும்படி நின்று சிரித்தார்கள். முப்பத்தொரு பேராகச் சுருங்கி, மூடிவிடலாம் என்று இருந்த கழகத்தில் இருநூறு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் துடுப்பைத் தொட்டவர்கள் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். பூப்பந்து மைதானம் வந்தது, மகளிர் அணி வந்தது, கிறிஸ்துமஸ் மரம் வந்தது, மாதம் ஒரு விருந்து வந்தது. ஆண்டுப் பந்தயமும் நின்றுவிடவில்லை. பாதையை மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுக்கிப் போட்டார்கள், புதுப் படகுகள் ஸ்டெல்லாவைத் தாண்டிப் போகும்போது மரியாதைக்கு ஒரு துடுப்பைத் தூக்கிக் காட்டின.

அந்த வருடத்து விருந்தில் படகில் இருந்த ஐந்து பேரையும் ஆயுள் உறுப்பினர்களாக அறிவித்து, கொரேரா சார் பொன்னாடையைக் கிளாடிஸிடம் கொடுத்தார். கொரேரா சார் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஒரு காரியத்தை விழாவாக ஆக்கிவிட்டால் அது தீர்ந்துபோயிற்று என்று நம்புகிறவர். கிளாடிஸ் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றாள்.

“ஒரு நாளைக்குப் பாட்ட நிறுத்திட்டு விருந்து வையுங்க சார்,” என்றாள். “அவுக மூச்சு வாங்குறது கேக்கும். கேட்டுட்டுச் சாப்பிட முடிஞ்சா சாப்பிடுங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு பாட்டுப் போட்டார்கள்.

நானும் கை தட்டினேன். அந்த நாட்களில் நான் தினமும் கரைக்குப் போவேன், போகாமல் இருக்க முடியாது. போனால் வலன்டினா பார்ப்பாள். மற்ற நாலு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள், அவள் கண் மட்டும் திறந்திருந்தது, வாய் பூட்டியிருந்தது. நான் பூவரச மரத்தடியில் நின்றால் பூவரச மரத்தடியைப் பார்ப்பாள், டீக்கடைப் பக்கம் ஒதுங்கினால் டீக்கடைப் பக்கம் அவள் பார்வை வரும். கோடு தள்ளிப்போனதும் குச்சி தள்ளிப்போகாததும் அவளுக்குத் தெரியும். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டும் என்று காத்திருக்கிறாள் என்று எனக்கும் தெரியும். மனுஷன் எத்தனை நாள் இப்படி இருப்பான் என்று கேட்டால், இருக்கலாம், நாலு வருடம் தாராளமாக இருக்கலாம் என்றுதான் சொல்வேன். முதல் நாள் வெட்கத்தில் வாயை மூடினேன். இரண்டாவது நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று மூடினேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளுக்காக மூடினேன்.

மூன்றாவது வருடம் பந்தயத்துக்கு இளைஞர்கள் என்னைக் குச்சி நடக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்தேன். பாவம், என் பதவிக்கு வேறு ஆளைப் போடாமல் விட்டுவிட்டார்கள். குச்சி இல்லாமலே அந்த வருடம் தோற்றார்கள்.

நாலு வருடம் தாண்டி வந்த புரட்டாசியில்தான் கிளாடிஸ் அதைக் கண்டுபிடித்தாள். மனிதர்களுக்கு ஓடாத காலம் மரத்துக்கு ஓடியிருந்தது. ஸ்டெல்லாவின் பலகைகள் ஊறி, ஓரங்கள் பஞ்சாகி, படகு மாதத்துக்கு மாதம் தாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் முகம் துடைக்கப் போனவள், தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே இருப்பதைப் பார்த்தாள், மறு வாரம் மூன்று விரல். ஐப்பசி மழை வந்து கழி பெருகினால் படகு அடியில் போய்விடும். தண்ணீருக்குள்ளேயும் அவர்கள் வலித்துக்கொண்டிருப்பார்களா, மூச்சு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

செயற்குழு கூடியது. இரும்பு டிரம்களைக் கட்டி மிதக்கவிடலாம் என்றார் ஒருவர், டிரம் தெரிந்தால் படம் எடுக்கிறவர்களுக்கு நன்றாயிராது என்றார் இன்னொருவர். வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் கொரேரா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அப்படியே அடியில போனாலும் நம்ம கையில என்ன இருக்கு? அந்த இடத்துல ஒரு தூண் எழுப்பி அஞ்சு பேர் பேரையும் வெட்டி வைப்போம்,” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கல்லுக்கு ஆள் பார்ப்பது என்று தீர்மானம் போட்டார்கள். உயிரோடு வியர்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு!

மறுநாள் காலையில் கிளாடிஸ் என் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது ஆகவில்லை, முன்தலை முழுக்க நரைத்திருந்தது. ஜெனிட்டா அவள் கையைப் பிடித்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“தூண் வைக்கப் போறாவளாம் அண்ணாச்சி.”

“கேள்விப்பட்டேன்மா.”

“நீங்க சொன்னா கொரேரா சார் கேப்பாவ. ஒரு பம்பு மட்டும் வாங்கித் தரச் சொல்லுங்க. ராவும் பகலும் நானே கிடந்து தண்ணிய எறச்சுக்கிடுதேன்.”

நான் பிள்ளைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“வேற யாருகிட்டப் போயிக் கேக்க?” என்றாள். “இந்த நாலு வருசமா ஒரு நாள் விடாம வந்து பாக்கது நீங்க ஒருத்தர்தான. வலன்டினாகூட உங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கா. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு, யாருக்கு எங்க மேல இரக்கம் இருக்குன்னு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கி நடந்தேன், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கரையில் ஒரு வெளியூர்க் குடும்பம் இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தது, மைதானத்தில் நாலு பேர் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பூவரச மரத்தில் கட்டியிருந்த மணிக் கயிற்றை எடுத்துக் கிளாடிஸின் கையில் கொடுத்தேன்.

“படகு மூக்கு கோட்டத் தொட்டதும் அடி. முந்தியும் அடிக்காத, பிந்தியும் அடிக்காத.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நான் தண்ணீரில் இறங்கினேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, போட்டிருந்த சட்டையோடு இறங்கினேன். படகின் பின்பக்கம் போய், வலன்டினாவின் முன்னால் நின்று, சுக்கானில் இருந்த அவள் கையைப் பிடித்தேன். தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல்தான் இருந்தது.

“குச்சி தப்பு வலன்டினா. கோட்ட மாத்தினாங்க, நான் குச்சிய மாத்தல. பத்துன்னு சொன்னது பொய். எண்ணு தாயி.”

அவள் வாய் திறந்தது. முதலில் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. பிறகு கழியின் இரண்டு கரைக்கும் கேட்கும்படி, “பதினொண்ணு,” என்றாள்.

படகு என் கையிலிருந்து நழுவிப் போனது. “பன்னெண்டு,” என்றாள். பூப்பந்து ஆடியவர்கள் மட்டையோடு ஓடிவந்தார்கள். “பதிமூணு.” இட்லிக் குடும்பத்தின் தகப்பனார் படம் பிடிக்கப் போனை எடுத்தார். “பதினாலு,” என்றாள், படகின் மூக்கு கோட்டைத் தொட்டது, மணி அடித்தது, நாலு துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரை விட்டு எழுந்து நின்றன. நாலு வருடமும் எட்டு மாதமும் நாலு இழுப்புக்கு.

துடுப்பு நின்றதும் ஸ்டெல்லா கரையோரத்துச் சேற்றில் அப்படியே அமிழ்ந்து உட்கார்ந்தது. ஊர் மொத்தமும் கரைக்கு வந்துவிட்டது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு சத்தம் நின்றுபோனதை எப்படித் தாங்குவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொரேரா சார் வந்து, கூட்டத்தை விலக்கி, ஈரச் சட்டையோடு என்னைக் கட்டிப்பிடித்து, “இன்னாசி, கழகத்தோட மானத்தக் காப்பாத்திட்டியே,” என்றார். எனக்கு விழா எடுக்கவேண்டும் என்று அப்போதே யாரோ சொன்னார்கள்.

கிளாடிஸ் படகுக்குள் மண்டியிட்டு, ஜஸ்டஸின் விரல்களைத் துடுப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் நிமிரவில்லை. அவன் கண்ணைத் திறந்தான். வெயில் கூசியது. மூச்சு வாங்கிக்கொண்டே என்னைத்தான் முதலில் பார்த்தான்.

“எவ்வளவுல ஜெயிச்சோம் அண்ணாச்சி?”

நான் வாயைத் திறக்குமுன் கிளாடிஸ் என் பக்கம் திரும்பினாள். வலன்டினாவிடம் நான் சொன்னது அவளுக்குக் கரையில் கேட்டிருந்தது. குரலை உயர்த்தவில்லை.

“குச்சி விசயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?”

இன்றைக்குக் காலையில்தான் தோன்றிற்று என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் நம்பியிருக்கும், விழாவும் எடுத்திருக்கும். வலன்டினா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கே தெரியும்,” என்றேன்.

கொரேரா சாரின் கை என் தோளிலிருந்து இறங்கியது. கிளாடிஸ் அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவேண்டும் என்றுகூட விரும்பினேன். அவள் திரும்பி, ஜஸ்டஸின் மடங்கிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவுக ஒண்ணு கேட்டாவல்லா,” என்றாள். “பதில் சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க.”

சொன்னேன். “ஜெயிக்கல ஜஸ்டஸ். கோப்பைய அவங்க கொண்டுபோயிட்டாங்க. நாலு வருசத்துக்கு மேல ஆச்சு. குச்சிய நான் தப்பா நட்டேன், நட்டதச் சொல்லாம இருந்துட்டேன்.”

ஜஸ்டஸ் சிரித்தான். தோற்கிற படகுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கேலி என்று நினைத்துவிட்டான். “இவங்களுக்கு எப்பவும் இதே வேல,” என்று சிரித்துக்கொண்டே கிளாடிஸ் பக்கம் திரும்பினான், திரும்பியவன் அவள் முன்தலை நரையைப் பார்த்தான். வீட்டில் விட்டுவந்த ஏழு மாதத்துப் புதுப்பெண்ணை அந்த முகத்தில் தேடினான். பிறகு அவளுக்குப் பின்னால், சேலையைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய மூக்கும் அவனுடைய நெற்றியுமாக ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. மடங்கிய கையை அவள் பக்கம் நீட்டினான்.

ஜெனிட்டா இன்னும் கொஞ்சம் பின்னால் ஒதுங்கினாள். அவள் பிறந்ததிலிருந்து அவன் கை அசையாமல் இருந்து பார்த்ததில்லை.

“எம்மா,” என்று கேட்டாள், “அப்பா ஏன் நிறுத்திட்டாவ?”